குடியிருக்கும் வீட்டில் காடி வெட்டும்போது தூசியை அடக்குவது எப்படி?

ஊரில் வயரிங் பழகிவிட்டுத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வருபவர்களுக்குச் சுவரில் காடி, அதாவது வயர் பைப் பதிக்கும் பள்ளம், வெட்டுவது ஒரு பொருட்டே இல்லை. அங்கே பெரும்பாலும் கட்டடம் எழும்பும்போதே அந்த வேலை முடிந்துவிடும். பூச்சு ஆரம்பித்திருக்காது, ஜன்னலுக்குக் கதவு மாட்டியிருக்காது. கிரைண்டரால் (வட்டப் பிளேடு சுழலும் வெட்டுக் கருவி) இரண்டு கோடு இழுத்து, உளியால் தட்டி, பைப்பைப் பதித்துவிட்டுக் கிளம்பலாம். தூசி காற்றோடு போகும். மிச்சத்தைக் கொத்தனார் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இங்கே நமக்கு வரும் வேலை வேறு மாதிரி. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், ஐசிப்பிங்கோ என்று எங்கே போனாலும் பெரும்பாலும் ஆள் குடியிருக்கும் வீடுதான். சமையலறையில் புதிதாக ஒரு பிளக் பாயின்ட், பின்கட்டில் கட்டிய அறைக்கு லைன், 2022-லும் 2023-லும் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஆரம்பித்து இன்னும் ஓயாத இன்வெர்ட்டர் வேலைகள். நீங்கள் வெட்டும் சுவருக்கு இரண்டடி தள்ளி மெத்தை இருக்கும், டிவி இருக்கும், அடுத்த அறையில் மூச்சிரைப்புக்கு மருந்து உறிஞ்சும் ஆயா இருப்பார். திறந்த கிரைண்டரை அங்கே ஓட்டினால் அரை நிமிடத்தில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. அதற்கப்புறம் எவ்வளவு துடைத்தாலும் ஒரு வாரத்துக்குத் தூசி இறங்கிக்கொண்டே இருக்கும்.

தூசியைத் துடைப்பத்தால் சமாளிக்க முடியாது. முதலில் அது உண்டாகாமல் பார்க்க வேண்டும். உண்டானதைப் பிளேடின் வாயிலேயே பிடிக்க வேண்டும். அதையும் தப்பியதை அந்த ஓர் அறைக்குள் நிறுத்த வேண்டும். துடைப்பது கடைசி. புதிதாக வருபவர்கள் அநேகமாக இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இது வெறும் அழுக்கு இல்லை

மணல் கலந்த எதிலும் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா உண்டு. கான்கிரீட்டிலும் சிமென்ட் கலவையிலும் 25 முதல் 70 சதவீதம் வரை, செங்கல்லில் 30 சதவீதம் வரை இருக்கலாம். பிளேடு அரைக்கும்போது இதில் ஒரு பங்கு கண்ணுக்கே தெரியாத பொடியாகிறது. அந்தப் பொடிதான் மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். அதனால் வருவது சிலிக்கோசிஸ். போன நுரையீரலைத் திருப்பித் தரும் மருந்து கிடையாது. காசநோய் பிடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. காசநோய் அதிகமுள்ள தென்னாப்பிரிக்காவில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த நாட்டில் இந்த நோயை யாருக்கும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் தொடுத்த பெரிய வழக்கில் இழப்பீட்டு ஒப்பந்தத்தை ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2019-இல் ஏற்றது. உங்களோடு உதவிக்கு வரும் ஜூலு பேசும் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். சுரங்கத்துக்குப் போய் இருமலோடு திரும்பிய உறவினர் ஒருவரைப் பற்றி அவர் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.

அளவு எவ்வளவு சின்னது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் 2016-இல் வந்த விதி, ஒரு தொழிலாளி 8 மணி நேரச் சராசரியாகச் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் நுண் சிலிக்கா இருக்கக் கூடாது என்கிறது. 4 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 2.5 மீட்டர் உள்ள படுக்கையறையில் 30 கன மீட்டர் காற்று இருக்கும். அந்த வரம்பைத் தொட மொத்த அறைக்கும் 1.5 மில்லிகிராம் போதும். ஒரு சிட்டிகை உப்பு அதைவிடப் பல மடங்கு எடை.

முதல் வேலை பென்சிலோடு

வெட்டாத மீட்டரில் தூசி வராது. அதனால் கிரைண்டரை எடுக்கும் முன் வீட்டைச் சுற்றி வந்து, எந்த வழியில் போனால் குறைவாக வெட்டலாம் என்று பாருங்கள். பிளக்கிலிருந்து பிளக்குக்குச் சுவரில் குறுக்காக இழுப்பதைவிட, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே லைனைக் கொண்டுபோய்ப் பாயின்டுக்கு நேர் மேலே இறக்குவது எப்போதுமே நல்லது. செங்குத்தாக ஒரே காடி. நாளைக்கு ஆணி அடிப்பவருக்கும் கேபிள் எங்கே போகிறது என்று ஊகிக்க முடியும்.

குறுக்குக் காடிக்கு இன்னொரு தடையும் உண்டு. செங்குத்துக் காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது, கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது கட்டட வேலையில் பரவலாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. 110 மில்லிமீட்டர் செங்கல் சுவரில் முதலாவது 36 மில்லிமீட்டர், இரண்டாவது 18. இருபது மில்லிமீட்டர் பைப்பே அதில் அடங்காது. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக ஸ்விட்ச் பெட்டி பதிக்கவும் கூடாது.

சில இடங்களில் வெட்டாமலே விடலாம். கராஜ், ஸ்டோர் ரூம், அலமாரிக்குள் மறையும் சுவர் இங்கெல்லாம் மேலேயே பிளாஸ்டிக் டிரங்கிங் (கேபிளை மூடும் பட்டைக் குழாய்) ஒட்டிவிட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. வீட்டுக்காரர் மறைவாகத்தான் வேண்டும் என்றால், முன் அறைக்கு மட்டும் காடி, மற்றதற்கு டிரங்கிங் என்று பேசிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒத்துக்கொள்வார்கள்.

சாட்ஸ்வர்த்தின் பழைய வரிசை வீடுகளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான நடுச்சுவரில் காடி வைக்கவே வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு அலமாரியில் பாத்திரம் ஆடும், அவர்கள் அறையிலும் தூசி விழும், அப்புறம் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

சுவரிலும் கூரையிலும் என்ன இருக்கிறது?

கூரை வழியாகப் போகச் சொன்னேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய கவுன்சில் (நகராட்சி) வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு இன்னும் நிறைய இருக்கிறது. சீலிங் பலகை, கூரை விளிம்புப் பலகை, மழைநீர்க் குழாய் இவையும் அதே சரக்காக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை 2008-இல்தான் வந்தது. அதற்கு முன் கட்டிய வீட்டில், நார் கலந்த சிமென்ட் தகடு போல் தெரியும் எதையும் துளைக்காதீர்கள், அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள், தேய்த்துச் சுத்தம் செய்யவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவு வரும்வரை அந்தப் பக்கம் வேலையை நிறுத்துங்கள். அகற்றும் வேலைக்கு 2020-ஆம் ஆண்டின் தனி விதிமுறைகள் இருக்கின்றன. அது பதிவு பெற்றவர்களின் வேலை, நம்முடையது இல்லை.

பழைய சுவரில் அடுக்கடுக்காக எனாமல் பெயின்ட் இருந்தால் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது முக்கியம். தரையில் விழும் தூசியைத் தொட்டு வாயில் வைப்பவர்கள் அவர்கள்தான்.

மேலே வெள்ளையாக வழவழப்பாக இருக்கும் ரைனோலைட் என்ற மேல்பூச்சு ஜிப்சம் வகை. அதில் குவார்ட்ஸ் குறைவு. ஆனால் அது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதற்கடியில் சிமென்ட் பூச்சு, அதற்கடியில் கல். ‘வெறும் பிளாஸ்டர்தானே’ என்று ஏமாந்துவிட வேண்டாம்.

கரண்ட்

தூசிக் கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றும். தூசி மண்டிய அறையில், காது அடைத்து, முகமூடி போட்டு நிற்கும்போது உயிருள்ள கேபிளை அறுப்பவர்களைப் பற்றி இந்தத் தொழிலில் கேள்விப்படாதவர் இல்லை. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டிபியில் (வீட்டின் மின் விநியோகப் பெட்டி) மெயினை இறக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். இன்வெர்ட்டரும் பேட்டரியும் உள்ள வீட்டில், மெயின் விழுந்த கணமே பாதி வீட்டுக்கு இன்வெர்ட்டர் கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். அதற்குத்தானே அதை வாங்கினார்கள்! இன்வெர்ட்டரின் வெளியீட்டையும் தனியாக நிறுத்துங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பாருங்கள், அப்புறம் வெட்டப்போகும் இடத்துப் பாயின்டுகளில் பாருங்கள், திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில் பாருங்கள். மின்வெட்டு நேரத்தில் ‘இப்போதான் கரண்டே இல்லையே’ என்று வெட்டத் தொடங்குவது மகா முட்டாள்தனம். அது எந்த நொடியில் திரும்பும் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டா வரும்?

இருக்கும் பிளக்குக்கும் ஸ்விட்சுக்கும் நேர் மேலும் நேர் கீழும் கேபிள் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் சுவரின் சர்க்யூட்டுகளை இறக்கியே வைத்துவிட்டு, உங்கள் கருவிக்கான கரண்டை அந்தச் சுவரோடு சம்பந்தமில்லாத வேறொரு சர்க்யூட்டிலிருந்து, எர்த் லீக்கேஜ் (மின்கசிவில் தானே விழும் பாதுகாப்பு ஸ்விட்ச்) வழியாக எடுங்கள்.

இன்வெர்ட்டருக்குள் விசிறி உண்டு. அறைத் தூசியை அது இழுத்துத் தன் வயிற்றில் போட்டுக்கொள்ளும். பக்கத்தில் வெட்டுவதாக இருந்தால் அதை முழுக்க அணைத்து, ஆறிய பிறகு பிளாஸ்டிக்கால் மூடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மூடினால் சூடேறிவிடும்.

அறையை அடைப்பது

முந்தின நாளே வீட்டுக்காரரிடம் போனில் சொல்லுங்கள்: எந்த அறை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை மூடியிருக்கும், யாருக்காவது இழுப்பு இருக்கிறதா? இருந்தால் அன்றைக்கு அந்த ஆன்ட்டியோ ஆயாவோ மகள் வீட்டுக்குப் போய் இருப்பது நல்லது. புரட்டாசி முழுக்க விரதம் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருக்கும் அந்த மாதத்தில் காடி வெட்டப் போகாமல் இருப்பது மரியாதை. தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அவசரத்தில்தான் பிளாஸ்டிக் கட்டாமல் வெட்டுவோம், அதனால் அந்த வாரத்துக்கு ஒப்புக்கொள்ளும் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அறையிலிருந்து எடுக்க முடிந்ததை எல்லாம் வெளியே எடுங்கள். துணி, மெத்தை, திரைச்சீலை முதலில், ஏனென்றால் இவற்றில் ஏறிய தூசி இறங்கவே இறங்காது. நகர்த்த முடியாத அலமாரியைப் பிளாஸ்டிக் தாளால் போர்த்தி, அடிவரை டேப் ஒட்டுங்கள். மேலே மட்டும் போர்த்தினால் தூசி பாவாடைக்கடியில் புகுந்த மாதிரி உள்ளே போய்ச் சேரும். சாமி விளக்கு இருக்கும் இடத்தை நீங்களாகத் தொடாதீர்கள். வீட்டுக்காரரையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் ஊறிய பித்தளை விளக்கில் சிமென்ட் பொடி விழுந்தால் பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும், புளி போட்டுத் தேய்த்தாலும் திரியின் வாய்க்குள் இருப்பது போகாது.

கதவு நிலையின் நான்கு பக்கமும் கனமான பிளாஸ்டிக் தாளை ஒட்டி, போய்வர நடுவில் ஜிப் பட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஜிப் கிடைக்காவிட்டால் இரண்டு தாளை ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கவிட்டாலும் போதும். கதவடி இடுக்கில் ஈரத் துண்டு. சீலிங் ஃபேனும் ஏசியும் அணைந்திருக்க வேண்டும்.

பலர் மறந்துபோவது பைப் வாய். இந்த அறையில் திறந்து கிடக்கும் பழைய பெட்டிக்கும் அடுத்த அறைப் பெட்டிக்கும் நடுவே காலிப் பைப் ஒன்று ஓடும். நீங்கள் கதவைப் பிரமாதமாக அடைத்துவிட்டு வெட்டுவீர்கள், தூசி அந்தப் பைப் வழியாகப் போய் பக்கத்து அறைப் பிளக்கின் ஓட்டையில் புகையாக வரும். திறந்த பெட்டி, பைப் முனை எல்லாவற்றிலும் பழந்துணி திணித்து டேப் ஒட்டுங்கள். டிபி மூடியின் இடுக்குகளையும் வெளியிலிருந்து டேப்பால் அடையுங்கள்.

ஒரு ஜன்னலில் மட்டும் விசிறியை வெளிப்பக்கம் ஊதும்படி வையுங்கள். அறைக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் குறையும். இடுக்கு வழியாக வீட்டுக் காற்று உள்ளே வருமே தவிர, தூசி வீட்டுக்குள் போகாது. கதவுத் தாள் உள்பக்கமாக லேசாக உப்பி நின்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். டர்பனில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ அடிக்கும். அன்றைக்கு எது என்று பார்த்து, காற்று மோதாத பக்கத்து ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் விசிறி வெளியே தள்ளுவதைக் கடல் காற்று திருப்பி உள்ளே தள்ளும். அந்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் துணிக்கொடி இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள்.

கருவி

இந்த வேலைக்கென்றே செய்த கருவி வால் சேசர். இரண்டு டைமண்ட் பிளேடு பக்கத்தில் பக்கத்தில் சுழலும், நடு இடைவெளியை வளையங்களால் கூட்டிக் குறைக்கலாம், ஆழத்தைப் பூட்டலாம். முக்கியமாக, பிளேடைச் சுற்றி முழுக் கூடும், அதில் வாக்கியூம் குழாய் மாட்ட ஒரு வாயும் இருக்கும். விலை அதிகம். ஆனால் வாடகைக்குக் கிடைக்கும். எல்லாக் காடியையும் ஒரே காலையில் வெட்டி முடிக்கும்படி வேலையைத் திட்டமிட்டால் ஒரு நாள் வாடகையோடு போகும். அந்தச் செலவை மதிப்பீட்டில் தனி வரியாக எழுதுங்கள். மொத்தத்தில் கரைத்துவிட்டால் பேரத்தின்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

கையில் இருப்பது சாதாரண 115 அல்லது 125 மில்லிமீட்டர் கிரைண்டர் என்றால், அதற்கு மாட்டும் தூசிக் கூடு தனியாக விற்கிறது. வாங்கிவிடுங்கள். பிளேடை மறைக்கும் கார்டைக் கழற்றிவிட்டு வெட்டும் பழக்கத்தை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பிளேடில் எழுதியிருக்கும் அதிகபட்ச வேகம் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

வாக்கியூம் விஷயத்தில்தான் காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். வீட்டு வாக்கியூமில் சிமென்ட் பொடியை இழுத்தால், பெரிய துகள் பையில் தங்கும், நுண்பொடி பின்பக்கத் துவாரம் வழியாக அறைக்கே திரும்பும். கொஞ்ச நேரத்தில் ஃபில்டர் அடைத்து மோட்டாரும் போய்விடும். தொழில் வாக்கியூமில் எல், எம், எச் என்று மூன்று வகுப்பு. தூசியில் 99 சதவீதத்தையாவது பிடிப்பது எல், 99.9 எம், 99.995 எச். செங்கல், சிமென்ட் வேலைக்கு எம் வகுப்பு வேண்டும். குழாயில் காற்று வேகம் குறைந்தால் அது கூவிக் காட்டும். எவ்வளவு இழுவை தேவை என்பதற்கு அமெரிக்க விதியில் ஒரு கணக்கு உண்டு: பிளேடு விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 25 கன அடி. ஐந்து அங்குலப் பிளேடுக்கு நிமிடத்துக்குச் சுமார் 3,500 லிட்டர். வாக்கியூம் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழாய் நீளமானால், மடங்கினால் அந்த எண் குறையும்.

வெட்டும்போது

சுவரில் கோடு போட்டு, இரண்டே இரண்டு வெட்டு. நடுவில் நிற்கும் கல்லை உளியால் எடுங்கள். பிளேடு அரைப்பதுதான் தூசி. உளி பெயர்ப்பது கட்டி. இருபது மில்லிமீட்டர் பைப்புக்கு 25 மில்லிமீட்டர் அகலம், 30 ஆழம் என்று வைத்தால், ஒரு மீட்டர் காடியில் வெளியே வருவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இரண்டரை மில்லிமீட்டர் பிளேடால் இரண்டு கோடு மட்டும் இழுத்தால் அதில் பொடியாவது 300 கிராம் அளவில்தான். உளி வேலை சுலபமாகட்டும் என்று நடுவில் இன்னும் இரண்டு கோடு இழுப்பவர்கள் தூசியை இரட்டிப்பாக்குகிறார்கள். உடைப்பதற்கு முன் நடுக்கல்லின் மேல் கைத்தெளிப்பானால் லேசாகத் தண்ணீர் அடித்துக்கொள்ளலாம். ஓடும் கிரைண்டருக்குப் பக்கத்தில் தண்ணீரைக் கொண்டுபோகாதீர்கள். நனைந்த சுவரை மறுபடி மின்கருவியால் தொடவும் வேண்டாம். 230 வோல்ட் விளையாட்டுப் பொருள் இல்லை.

கூட்டின் விளிம்பு சுவரில் படிந்தே இருக்க வேண்டும். பிளேடு சுற்றும் திசைக்குப் பொடி வாக்கியூம் வாய்ப் பக்கம் எறியப்படுகிறதா என்று பாருங்கள். கருவியின் மேல் அம்புக்குறி இருக்கும், அந்தத் திசையில்தான் நகர்த்த வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் கருவி துள்ளும், பொடியும் கூட்டின் முன்னால் பீய்ச்சும். மெதுவாகப் போங்கள். சீலிங்கைத் தொடும் இடத்திலும் மூலையிலும் கூடு பொருந்தாது. அந்தக் கடைசி நாலு விரல் அளவுக்குக் கிரைண்டரைச் சாய்த்துச் சர்க்கஸ் பண்ண வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும். வெட்டி முடித்ததும் வாக்கியூமை உடனே நிறுத்தாமல் குழாயில் இருப்பது பைக்குப் போய்ச் சேரும்வரை கொஞ்சம் ஓடவிடுங்கள்.

ஸ்விட்ச் பெட்டிக்குக் குழி எடுக்கக் கிரைண்டர் வேண்டாம். வட்டப் பிளேடால் சதுர மூலை எடுக்கப் போனால் நாலு பக்கமும் கோடு வெளியே ஓடும், தூசியும் அதிகம். பெட்டியின் அளவைச் சுற்றி வரிசையாகத் துளையிட்டு, நடுவை உளியால் எடுங்கள். துளைக்குச் சற்றுக் கீழே உதவியாளர் வாக்கியூம் வாயைப் பிடித்துக்கொண்டால் தரையில் ஒன்றும் விழாது.

இழுவை குறைகிற மாதிரித் தெரிந்தால் நிறுத்தி ஃபில்டரைப் பாருங்கள். தூசி பறப்பது கண்ணில் படும் வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்க ஒரு வழி உண்டு. ஜன்னலை மறைத்து அறையை இருட்டாக்கி, டார்ச்சை உங்களுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்து, ஒளிக்கற்றையின் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சுத்தம் என்று நினைத்த காற்றில் வெள்ளையாக நெளிந்துகொண்டிருப்பது தெரியும். புதிதாக வந்த பையன்களுக்கு இதை ஒரு தடவை காட்டிவிட்டால் முகமூடியைப் பற்றி நான் பேச வேண்டியதே இல்லை.

முகமூடி

கூடும் எம் வகுப்பு வாக்கியூமும் இருந்தாலும் முகமூடி வேண்டும். கைக்குட்டை, துணி, நீல நிற மருத்துவ மாஸ்க் எதுவும் இதற்கு உதவாது. நுண்தூசியை வடிகட்டும் முகமூடித் தரங்களில் எஃப்எஃப்பி2 குறைந்தபட்சம், எஃப்எஃப்பி3 இன்னும் நல்லது. மூக்குக் கம்பியை அழுத்தி, இரண்டு பட்டையும் சரியாகப் போட்டு, கையால் மூடி ஊதிப் பாருங்கள். கண் பக்கம் காற்று வந்தால் பொருந்தவில்லை.

தாடிக்கு மேல் எந்த முகமூடியும் ஒட்டாது. காவடிக்கோ வேறு வேண்டுதலுக்கோ விரதம் இருந்து தாடி விட்டிருப்பவரை மழிக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அந்த நாட்களில் அவர் கேபிள் இழுக்கட்டும், இன்னொருவர் வெட்டட்டும். எப்போதுமே தாடி வைப்பவர் என்றால், மோட்டாரால் சுத்தக் காற்று ஊதும் தலைமூடி வகைதான் வழி.

டர்பன் கோடையில் அடைத்த அறைக்குள் வேர்த்துக் கொட்டும். காலை சீக்கிரம் ஆரம்பியுங்கள், நனைந்த முகமூடியை மாற்றுங்கள். உதவியாளருக்கும் அதே தரத்தில் கொடுங்கள். பாதுகாப்புச் சாதனத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதை இந்த நாட்டின் 1993-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கண்ணாடியும் காதடைப்பானும் சொல்லாமலே தெரியும்.

முடித்த பிறகு

உடனே அறையைத் திறக்காதீர்கள். ஜன்னல் விசிறி ஓடட்டும், நீங்கள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். கட்டிகளைக் கையால் பொறுக்கிக் கனமான பையில் பாதி அளவுக்கு மட்டும் நிரப்பி, வாயைக் கட்டி வெளியே எடுங்கள். முழுக்க நிரப்பிய பை படியில் கிழியும். இதை வாராவாரக் குப்பையோடு வைக்க வேண்டாம், பக்கி வண்டியில் (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி) ஏற்றி இடிபாடு எடுக்கும் இடத்தில் கொட்டுங்கள்.

உலர்ந்த துடைப்பத்தை அந்த அறைக்குள் கொண்டுவரவே கூடாது. மேலிருந்து கீழே, அதே எம் வகுப்பு வாக்கியூமால்: முதலில் நிலைக்கு மேல், விளக்குக் கூடு, சுவர், கடைசியில் தரை. அப்புறம் ஈரத் துணி, இரண்டு வாளித் தண்ணீர். கலங்கிய தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றினால் சிமென்ட் குழாய்க்குள் இறுகிவிடும். வெளியே மண்ணில் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் தாளைத் தூசிப் பக்கம் உள்ளே போகும்படி மடித்துச் சுருட்டுங்கள். உங்கள் சட்டையையும் வாக்கியூமால் இழுத்துவிட்டு வண்டியில் ஏறுங்கள். தட்டி உதறினாலோ கம்பிரசர் காற்றால் ஊதினாலோ பிடித்ததை எல்லாம் திரும்பப் பறக்கவிட்ட கதைதான். வீட்டில் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்வதற்கு முன் உடை மாற்றுங்கள், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். வாக்கியூம் பையை வெளியே வைத்து, வாயை அடைத்து, அப்படியே எறியுங்கள். காசு மிச்சம் என்று கொட்டிவிட்டு மறுபடி மாட்ட வேண்டாம்.

காடிக்குள்ளும் வாக்கியூம் விடுங்கள். பொடி படிந்த சுவரில் கலவை பிடிக்காது, ஆறு மாதத்தில் காடி நீளத்துக்கு விரிசல் விடும். பொடியை எடுத்து, லேசாக ஈரமாக்கி, அப்புறம் பூசுங்கள். ஆனால் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் பார்ப்பதற்கு முன் மூடிவிடாதீர்கள். 2009-ஆம் ஆண்டு மின் நிறுவல் விதிகளின்படி புதிய வேலைக்குச் சான்றிதழ் தருவது அவர்தான். உங்களுக்குப் பதிவு கிடைக்கும்வரை அவர் கண்காணிப்பில்தான் வேலை செய்ய முடியும். வீட்டை விற்கும்போது அந்தச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால் வீட்டுக்காரர்களும் அதில் கறாராக இருப்பார்கள்.

எவ்வளவு துடைத்தாலும் இரவில் இன்னும் கொஞ்சம் இறங்கும். மறுநாள் காலை ஈரத் துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூச வரும்போது நீங்களே துடைத்துக் கொடுத்தால் அடுத்த வேலையும் அந்தத் தெருவிலேயே கிடைக்கும். சீலிங் ஃபேன் இறக்கையின் மேல்பக்கத்தை ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்த பிறகுதான் ஃபேன் ஸ்விட்சைப் போட விடுங்கள்.